பாசஞ்சர் வண்டி எங்கே ஒதுங்க வேண்டும்?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலம் வழியாக இன்னும் வேகமான ரயில்கள் வேண்டும் என்று வாசகர்கள் பலர் எழுதுகிறார்கள். வேண்டும்தான், மறுக்கவில்லை. அதே தண்டவாளத்தில் ஊருக்கு ஊர் நின்று, வேகமான வண்டிகள் முந்திப் போவதற்காக நடுவில் ஒதுங்கிக் காத்திருந்து போகிற பாசஞ்சர் வண்டிக்காகவும் யாராவது பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

நான் சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். எங்களிடம் வேலை செய்கிற பெண்களில் பாதிப்பேர் மகுடஞ்சாவடி, மாவெலிபாளையம் பக்கத்திலிருந்து காலை பாசஞ்சரில் ஜங்ஷனுக்கு வந்து, அங்கிருந்து நடந்தோ ஷேர் ஆட்டோவிலோ வருகிறவர்கள். கொலுசு வேலை ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் போகிற வேலை. கம்பி இழுத்து, கண்ணி கோத்து, பற்றவைத்து, அப்புறம்தான் மெருகு. பற்றவைக்கிற அக்கா வரவில்லை என்றால் மெருகு போடுகிறவர் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். கூலி எடைக்குத்தான், மணிக்கு இல்லை. ஆக, வண்டி நின்ற நேரமெல்லாம் அந்தப் பெண்களின் கூலியில்தான் கழிகிறது. சாயங்காலம் இன்னும் மோசம். வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்ட வேண்டியவர்கள் இருட்டுகிற நேரத்தில், விளக்கு மங்கலாக எரிகிற ஒரு சின்ன ஸ்டேஷனில், ஏன் நிற்கிறோம், எப்போது கிளம்புவோம் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். "இன்னும் ரெண்டு வண்டி போகணுமாம்" என்று யாரோ சொல்வார். அதுதான் அறிவிப்பு.

ஒரு வண்டி முந்திப் போக ஏன் இவ்வளவு நேரம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எங்கள் தெருவில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் விளக்கியபோதுதான் கணக்குப் புரிந்தது. சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் நடுவே சுமார் 60 கிலோமீட்டர். போக ஒரு தண்டவாளம், வர ஒரு தண்டவாளம். நிற்காத வண்டி மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, முக்கால் மணியில் போய்விடும். பாசஞ்சர் வீரபாண்டி ரோடு, மகுடஞ்சாவடி, மாவெலிபாளையம், சங்ககிரி, ஆனங்கூர், காவிரி என்று ஒவ்வொன்றிலும் நின்று போக வேண்டும். பிரேக் போட்டு, ஆள் இறங்கி ஏறி, மறுபடி வேகம் பிடிக்க ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாக ஆகும். அதனால் பாசஞ்சர் புறப்பட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து எக்ஸ்பிரஸ் கிளம்பினால், ஈரோட்டுக்கு முன்பே அது பின்னால் வந்து நிற்கும். அப்படி ஆகாமல் இருக்கத்தான் பாசஞ்சரை நடுவில் லூப் லைனில், அதாவது ஸ்டேஷனில் மெயின் லைனிலிருந்து பிரிந்து மறுபடி சேர்கிற பக்கத் தண்டவாளத்தில், ஒதுக்குகிறார்கள்.

அந்த லூப்பில் நுழைவதற்கே வண்டி முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு இறங்கிவிட வேண்டும். கடைசிப் பெட்டி உள்ளே வந்த பிறகுதான் தண்டவாளம் பிரிகிற இடத்தில் இருக்கிற பாயிண்ட்டை மாற்றி மெயின் லைனுக்குப் பச்சை கொடுக்க முடியும். பின்னால் வருகிற வேகமான வண்டிக்கு மஞ்சள் விளக்கே தெரியக் கூடாது, தெரிந்தால் அது வேகத்தைக் குறைத்துவிடும். அதனால் அது வெகு தூரத்தில் இருக்கும்போதே பாசஞ்சர் ஒதுங்கியாக வேண்டும். அது கடந்து போய், அடுத்த ஸ்டேஷன் வரை வழி விட்ட பிறகுதான் பாசஞ்சருக்குச் சிக்னல். இப்படித்தான் ஒரு வண்டிக்கே கால் மணி நேரம் போகிறது. அதற்குள் பின்னால் இன்னொரு எக்ஸ்பிரஸ் நெருங்கிவிட்டால், "அதையும் விட்டுவிட்டே அனுப்பு" என்று வண்டிகளின் ஓட்டத்தைக் கவனிக்கிற கண்ட்ரோல் அறையில் சொல்லிவிடுவார்கள். போதாததற்கு நிலக்கரி, சிமெண்ட், பெட்ரோல் ஏற்றிய சரக்கு வண்டிகளும் இதே இரண்டு தண்டவாளத்தில்தான். ஸ்டேஷன் மாஸ்டரைத் திட்டிப் பயனில்லை. அவர் கையில் எதுவும் இல்லை.

இளவயதில் வெள்ளி வியாபாரத்துக்காகச் சில வருடம் மும்பையில் இருந்தேன். டோம்பிவிலியில் அறை, ஜவேரி பஜாரில் வேலை. அங்கே கல்யாண் வரை ஃபாஸ்ட் லோக்கலுக்குத் தனித் தண்டவாளம், ஸ்லோ லோக்கலுக்குத் தனித் தண்டவாளம். பஜாருக்குப் பக்கத்தில் இருக்கிற மஸ்ஜித் ஸ்டேஷனில் ஃபாஸ்ட் நிற்காது. பைகுல்லாவில் இறங்கி, ஸ்லோவில் மாறிக்கொள்வேன். இரண்டுக்கும் ஒரே டிக்கெட். பிளாட்பாரப் பலகையில் 'எஃப்' அல்லது 'எஸ்' என்று ஓர் எழுத்து இருக்கும், படிக்கத் தெரியாதவர்கூட அதை அடையாளம் கண்டுகொள்வார். அங்கே ஸ்லோவில் வருகிறவனுக்கு ஃபாஸ்ட் எதிரி இல்லை. பாதி வழியில் மாறி ஏறிக்கொள்ளலாம்.

மும்பையிலும் எல்லா இடமும் அப்படி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணைத் தாண்டிக் கசாரா பக்கம் போனால் லோக்கலும் வெளியூர் போகிற மெயில் வண்டியும் ஒரே தண்டவாளத்தில் ஓடுகின்றன. மெயிலுக்காக லோக்கல் ஒதுங்குவது அங்கே பழகிப்போன புலம்பல். தானேக்கும் திவாவுக்கும் நடுவே மெயில் வண்டிகள் லோக்கல் தண்டவாளத்திலேயே வந்து புகுந்துகொண்டிருந்தன. 2022 பிப்ரவரியில் சுமார் 620 கோடி ரூபாய் செலவில் ஐந்தாவது, ஆறாவது தண்டவாளம் திறந்த பிறகுதான் அங்கே வழி பிரிந்தது. அதோடு சேர்த்து 36 லோக்கல் சேவைகளைக் கூட்ட முடிந்தது. தண்டவாளத்தைப் பிரித்தால் இருவருக்குமே லாபம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சேலத்தில் மூன்றாவது, நான்காவது தண்டவாளம் நாளைக்கே வந்துவிடாது. தெரியும். ஆனால் அதுவரை இப்படியே இருக்க வேண்டியதில்லை. பாசஞ்சரை ஒதுக்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. 2023 ஏப்ரலில் வந்தே பாரத் வந்தபோது நானும் ஜங்ஷனில் நின்று பார்த்துச் சந்தோஷப்பட்டவன்தான். எங்கே ஒதுக்குகிறார்கள், ஒதுக்கும்போது உள்ளே இருப்பவனுக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் என் கேள்வி. அன்றன்றைக்குத் தோன்றிய இடத்தில் நிறுத்தாமல், சங்ககிரி மாதிரி ஆள் நடமாட்டமும் விளக்கும் தண்ணீரும் கழிப்பறையும் இருக்கிற ஒரு ஸ்டேஷனை இதற்கென்று வைத்துக்கொள்ளட்டும். இவ்வளவு மணிக்கு வரும், இந்த வண்டி முந்தும், இவ்வளவு மணிக்குக் கிளம்பும் என்று அட்டவணையிலேயே அச்சடிக்கட்டும். இருபது நிமிடம் நிற்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் மனிதன் அதற்கேற்ற மாதிரி கிளம்புவான். தெரியாமல் நிற்கிற பத்து நிமிடம்தான் வேலையைக் கெடுக்கிறது.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியம். முந்திப் போகிற வண்டிகளில் ஒன்றே ஒன்றாவது அந்த ஸ்டேஷனில் இரண்டு நிமிடம் நிற்கட்டும். வந்தே பாரத்தையும் சதாப்தியையும் கேட்கவில்லை. சங்ககிரியில் ஏற்கெனவே நிற்கிற எக்ஸ்பிரஸ்கள் உண்டு. அவற்றில் ஒன்றின் நேரத்தைப் பாசஞ்சர் ஒதுங்குகிற நேரத்தோடு பொருத்தினால் போதும். முடிந்தால் ஒரே பிளாட்பாரத்தின் இந்தப் பக்கம் பாசஞ்சர், அந்தப் பக்கம் எக்ஸ்பிரஸ். சேலத்துக்கோ ஈரோட்டுக்கோ நேராகப் போகிறவர் மாறிக்கொள்வார். நடு ஊர்க்காரர் பாசஞ்சரிலேயே உட்கார்ந்திருப்பார். எக்ஸ்பிரஸில் வந்து ஆனங்கூரிலோ மாவெலிபாளையத்திலோ இறங்க வேண்டியவருக்கும் அங்கே பாசஞ்சர் தயாராக நிற்கும்.

டிக்கெட்டையும் கவனிக்க வேண்டும். கொரோனாவுக்கு அப்புறம் பாசஞ்சரை எக்ஸ்பிரஸ் கட்டணத்துக்கு மாற்றியதில் 10 ரூபாய் டிக்கெட் 30 ஆனது. 2024 பிப்ரவரியில்தான் பழையபடி 10-க்கு வந்தது. அந்த நாட்களில் எங்கள் பட்டறைப் பெண்கள் சிலர் வேலைக்கு வருவதையே விட்டுவிட்டார்கள். இப்போதும் பாசஞ்சர் டிக்கெட்டோடு எக்ஸ்பிரஸில் ஏறினால் அபராதம். தினமும் பாசஞ்சரில் வருகிறவர்களையாவது, ஒதுங்குகிற அந்த ஒரு ஸ்டேஷனில் மட்டும், கூடுதல் கட்டணம் இல்லாமல் மாறி ஏற அனுமதிக்க வேண்டும்.

சாயங்கால வண்டியிலிருந்து ஆரம்பிக்கலாம். காலையில் தாமதமானால் கூலி போகிறது, சாயங்காலம் தாமதமானால் இருட்டில் ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் நடக்க வேண்டியிருக்கிறது. அடுத்த கால அட்டவணை தயாராகும்போது இந்த ஒரு வண்டிக்கு மட்டுமாவது ஒதுங்கும் இடத்தையும் நேரத்தையும் அச்சில் போட வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வழியாக அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வெள்ளிப் பட்டறைக்காரர் ஒருவர்,
சிவதாபுரம், சேலம்.