கண்ணுக்குத் தெரியாத திமிங்கலத்தை எப்படிக் காப்பாற்றுவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

கடற்படை சோனாரும் (நீருக்குள் ஒலியை அனுப்பி, அதன் எதிரொலியை வைத்து நீர்மூழ்கிகளைக் கண்டுபிடிக்கும் கருவி) திமிங்கலங்களும் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். கப்பலின் மேல்தளத்தில் ஆட்கள் கண்காணிக்கிறார்கள், திமிங்கலம் தென்பட்டால் ஒலியைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள், அதனால் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை என்கிற மாதிரி கட்டுரை முடிந்திருந்தது. அதை என்னால் ஏற்க முடியவில்லை.

சோனாரால் அதிகம் செத்தவை அலகுத் திமிங்கலங்கள். அவற்றில் கூவியர் வகை கிட்டத்தட்ட 3,000 மீட்டர் ஆழம் வரை போகும், ஒரே மூச்சில் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் உள்ளே இருந்ததையும் பதிவு செய்திருக்கிறார்கள். மேலே வந்தாலும் சில நிமிடம்தான், அப்புறம் மறுபடி மூழ்கிவிடும். கொஞ்சம் அலை அடித்தாலே இவை கண்ணில் படாது. தொலைநோக்கியோடு ஒருவர் நிற்பதால் இவற்றுக்கு என்ன பாதுகாப்பு கிடைத்துவிடும்?

2000 மார்ச்சில் பஹாமாஸில் 17 திமிங்கலங்களும் டால்பின்களும் கரையொதுங்கின, பெரும்பாலானவை அலகுத் திமிங்கலங்கள். அடுத்த ஆண்டு வந்த அறிக்கையில் அமெரிக்கக் கடற்படையே தன் சோனார்தான் பெரும்பாலும் காரணம் என்று ஒத்துக்கொண்டது. 2002 செப்டம்பரில் ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரி தீவுகளில், நேட்டோ கூட்டணி நாடுகளின் கடற்படைப் பயிற்சி நடந்த நேரத்தில், 14 அலகுத் திமிங்கலங்கள் ஒதுங்கின. செத்தவற்றை அறுத்துப் பார்த்தபோது உறுப்புகளில் வாயுக் குமிழிகள் இருந்தன. ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வரும் மூழ்குநர்களுக்கு ஏற்படும் அதே பாதிப்பு. சத்தத்துக்கு மிரண்டு, வழக்கமாக மூழ்கி எழும் முறையே குலைந்துபோவதால் இது நேர்கிறது என்பதுதான் ஆய்வாளர்கள் பலரும் சொல்லும் விளக்கம். சாகாதவையும் தப்பிவிடுவதில்லை, தெற்குக் கலிபோர்னியக் கடலில் நீலத் திமிங்கலங்கள் சோனார் மாதிரியான ஒலியைக் கேட்டதும் இரை தின்பதை விட்டுவிட்டு விலகிப் போயிருக்கின்றன.

கட்டுரையில் இன்னொன்றையும் திருத்த வேண்டும். கடற்படை சோனாரின் 235 டெசிபலை ஜெட் விமானச் சத்தத்தோடு ஒப்பிட்டிருந்தீர்கள். நீரில் டெசிபல் கணக்கு வேறு, அப்படி நேராக ஒப்பிடக் கூடாது. மிகைப்படுத்தாமலே விஷயம் போதுமான அளவு மோசமாகத்தான் இருக்கிறது.

சரி, சத்தமே இல்லாமல் நகரும் நீர்மூழ்கிகளைக் கண்டுபிடிக்கக் கடற்படைக்கு சோனார் தேவை, பயிற்சியும் தேவை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கே பயிற்சி செய்வது என்பது மனிதர்கள் எடுக்கும் முடிவுதானே? ஸ்பெயின் 2004இல் கேனரி தீவுகளைச் சுற்றி 50 கடல் மைலுக்குள் இந்த சோனாரைத் தடை செய்தது. அதற்கு முன் 1980களிலிருந்தே அங்கே கடற்படைப் பயிற்சி நாட்களில் திமிங்கலங்கள் கூட்டமாகச் செத்து ஒதுங்கியது பலமுறை நடந்திருக்கிறது. 2013இல் ஆய்வாளர்கள் திரும்பிப் பார்த்தபோது, தடைக்குப் பிறகு அப்படி ஒன்றுகூட நடந்திருக்கவில்லை. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

சோனார் பயிற்சியைக் கட்டுப்படுத்தக் கோரிய வழக்கில் 2008இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கடற்படை பக்கம்தான் தீர்ப்பளித்தது. அதே கடற்படை 2015இல் வேறொரு வழக்கில், ஹவாய், தெற்குக் கலிபோர்னியா அருகே சில முக்கிய வாழிடங்களில் சோனாரைக் கட்டுப்படுத்த ஒப்புக்கொண்டது. அலகுத் திமிங்கலங்கள் வாழும் ஆழ்கடல் பள்ளத்தாக்குகள் பலவும் இன்று வரைபடத்தில் இருக்கின்றன. பயிற்சிக்கு இடம் குறிக்கும்போதே அவற்றை விலக்கி வைக்கச் சொல்லி நீங்கள் ஒரு தலையங்கம் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்