பிரசவத்தை இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை என்று படித்ததில் நிம்மதி. மற்ற ஊர்க்கதையை போனில் பேசிக்கொள்ளலாம். அக்கா மகளின் ஸ்கேன் விஷயத்துக்கு வருகிறேன்.

வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு இதயத்திலிருந்து கிளம்பும் பெருநாளங்கள் இரண்டும் இடம் மாறியிருக்கின்றன. மகாதமனி வலது கீழறையிலிருந்தும், நுரையீரல் தமனி இடது கீழறையிலிருந்தும் கிளம்புகின்றன. கெட்ட ரத்தம் உடம்புக்கே திரும்பும், நல்ல ரத்தம் நுரையீரலுக்கே போகும். வயிற்றுக்குள் இதனால் தொல்லையில்லை, தொப்புள்கொடி பார்த்துக்கொள்ளும். பிறந்த சில மணி நேரத்திலேயே நீலம் பாரிக்கத் தொடங்கிவிடும். இரு ரத்தமும் கலக்கிற குழாய் மூடாமலிருக்க பிராஸ்டாகிளாண்டின் என்ற மருந்தை ஏற்றுவார்கள். அதில் சில குழந்தைகளுக்கு மூச்சே நின்றுபோகும். போதாவிட்டால் மேலறைச் சுவரில் பலூன் விட்டுத் துளையைப் பெரிதாக்குவார்கள். இதையெல்லாம் ஆம்புலன்ஸில் வைத்துச் செய்ய முடியுமா, சொல்? அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன், அறுவை நடக்கும் ஆஸ்பத்திரியிலேயே பிரசவமும் நடக்கட்டும்.

'எடை ஏறட்டும், மூணு மாசம் போகட்டும்' என்று பெரியவர்கள் சொன்னால் கேட்காதீர்கள். நுரையீரலில் அழுத்தம் குறையக் குறைய, அதற்கு மட்டுமே ரத்தம் தள்ளும் இடது கீழறையின் தசை மெலிந்துவிடும். பிறகு நாளங்களை மாற்றி வைத்தால் உடம்பு முழுவதற்கும் தள்ள அதற்குத் தெம்பிருக்காது. முதல் இரண்டு மூன்று வாரம்தான் நல்ல நேரம்.

நாளங்களை மாற்றி வைக்கும் இந்த அறுவையை 1975-ல் பிரேசிலில் அடிப் ஜடேனே முதன்முதலாக வெற்றிகரமாகச் செய்தார். பெருநாளங்களை வெட்டி மாற்றுவதைவிட, இதயத்துக்கே ரத்தம் தரும் இரண்டு கரோனரிக் குழாய்களைப் பிடுங்கி நடுவதுதான் கஷ்டம். ஒவ்வொன்றும் ஓரிரு மில்லிமீட்டர் அகலம். சுற்றியுள்ள சுவரோடு பொத்தானளவு வெட்டியெடுத்து, மயிரிழை நூலால் புதிய இடத்தில் தைப்பார்கள். லேசாக முறுக்கினாலும் இதயம் துடிக்காது. ரத்தத்தை நிறுத்தி வைத்திருந்த கிளாம்ப்பை எடுத்ததும் இதயத் தசை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சிவக்கிறதா என்று, அறுவையின்போது இதயத்தின் வேலையைச் செய்யும் பம்ப் பக்கத்திலிருந்து நான் எட்டிப் பார்ப்பேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த நிமிடத்தில் எனக்குக் கை சில்லிட்டுப்போகும்.

அக்கா மகளுக்கு ஒன்றை முன்பே சொல்லிவை. அறுவைக்குப் பிறகு வீக்கம் வடியும்வரை ஓரிரு நாள் குழந்தையின் மார்பை மூடாமல் மெல்லிய உறை மட்டும் ஒட்டி வைப்பதுண்டு. பார்த்துப் பயந்துவிடக் கூடாது.

அவள் மாமியார் கிரகணத்தைக் குறை சொல்கிறாராமே? இதயம் உருவாவது கர்ப்பத்தின் முதல் எட்டு வாரத்துக்குள். கர்ப்பம் தரித்ததே சரியாகத் தெரியாத நாட்கள் அவை. அவள்மேல் எந்தத் தப்பும் இல்லை. இதை அவர் காதுபடவே சொல்.

நல்லபடியாக முடிந்தால் குழந்தை பள்ளிக்கூடம் போகும், விளையாடும். வருஷாவருஷம் எக்கோ என்ற இதய ஸ்கேன் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மூன்று கிலோ குழந்தைக்கு உடம்பில் ரத்தம் கால் லிட்டர்தான், பம்ப் குழாயை நிரப்பவே வெளியிலிருந்து ரத்தம் வேண்டும். கொடுக்க முன்வரும் உறவுக்காரர்களை இப்போதே கேட்டுவை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்து வரச்சொல். எக்கோ ரிப்போர்ட்டை இன்றே போட்டோ எடுத்து அனுப்பு, டாக்டரிடம் காட்டிவிட்டு ராத்திரி கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
மாலா