காலத்தையும் காட்டுங்கள்: அறிவியல் மையக் காட்சி வடிவமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அறிவியல் மையங்களில் இயற்பியல் காட்சிகளை வடிவமைக்கும் குழுவினருக்கு வணக்கம்.

சென்ற மாதம், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் தங்கை மகளை ஓர் அறிவியல் மையத்துக்கு அழைத்துச் சென்றிருந்தேன். ஐன்ஸ்டைன் படத்துக்குக் கீழே, வட்டச் சட்டத்தில் கறுப்பு நெகிழ்துணியை இழுத்துக் கட்டி, நடுவில் ஓர் இரும்புக் குண்டை வைத்திருந்தார்கள். நிறையுள்ள பொருள் காலவெளியை (காலமும் வெளியும் ஒன்றாகப் பின்னியதை) வளைப்பதே ஈர்ப்பு என்ற அவரது கருத்தை விளக்கும் காட்சி அது. விளிம்பிலிருந்து கோலியை உருட்டினால் அது குழியைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் குண்டின் மேல் மோதி நிற்கும். நாலைந்து முறை உருட்டிப் பார்த்தவள் வழிகாட்டியிடம், "இதை விண்வெளி நிலையத்துக்கு எடுத்துட்டுப் போனா கோலி இப்படி உருளுமா அண்ணா?" என்று கேட்டாள். அவர் சற்று யோசித்து, "உருளாது, துணியே குழியாது" என்றார். மழுப்பாமல் பதில் சொன்ன அந்த இளைஞர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. குறை துணியில் இருக்கிறது.

நானும் இயற்பியல் ஆசிரியனாக இருந்து ஓய்வுபெற்றவன்தான். போர்வையை நான்கு மாணவர்களைப் பிடிக்கச் சொல்லி, விளையாட்டு அறையிலிருந்து ஷாட்புட் குண்டை எடுத்துவந்து வைத்து, இதே வித்தையைப் பல ஆண்டுகள் காட்டியிருக்கிறேன். ஆகையால் உயரத்தில் நின்று இதை எழுதவில்லை. ஈர்ப்பை விளக்குவதற்கு ஈர்ப்பையே கடன் வாங்குகிறது என்பது இந்தத் துணியின் மீது வழக்கமாகச் சொல்லப்படும் புகார். உவமை என்றால் எங்காவது இடறத்தான் செய்யும் என்று அதைக்கூட விட்டுவிடலாம். என்னால் விட முடியாதது வேறு: காலவெளியின் வளைவைக் காட்டுகிறோம் என்று பலகையில் எழுதிவிட்டு, காலத்தை அடியோடு விட்டுவிடுகிறோம்.

பூமி தன்னைச் சுற்றியுள்ள வெளியை எவ்வளவு வளைக்கிறது என்று பாருங்கள். பூமியின் மேற்பரப்பை அளந்து, அதிலிருந்து பள்ளிக்கூட வாய்பாட்டின்படி ஆரத்தைக் கணக்கிட்டால் வரும் விடையைவிட உண்மையான ஆரம் சுமார் 1.5 மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கும். 6,371 கிலோமீட்டருக்கு ஒன்றரை மில்லிமீட்டர்! அதற்குத்தான் நாம் முழங்கை ஆழத்துக்குக் குழி காட்டுகிறோம். மாமரத்திலிருந்து காய் விழுவதற்கு இந்தக் குழி காரணம் இல்லை. உயரத்துக்கு உயரம் கடிகாரங்கள் வேறு வேறு வேகத்தில் ஓடுவதுதான் காரணம். 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் கடிகாரம், ஈர்ப்பு அங்கே குறைவு என்பதால் நாளொன்றுக்கு 45 மைக்ரோ நொடி முந்துகிறது (ஒரு மைக்ரோ நொடி என்பது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). அதன் வேகத்தால் 7 மைக்ரோ நொடி பிந்துகிறது. எஞ்சும் 38 மைக்ரோ நொடியில் ஒளி 11 கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். இதைத் திருத்தாவிட்டால் நம் கைப்பேசி வரைபடத்தை நம்பி ஒரு தெருவைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது.

இவ்வளவு நுண்ணிய வேறுபாடு ஒரு காயை எப்படி விழச் செய்யும் என்று கேட்பீர்கள். மேலே எறிந்த பந்து 1 நொடியில் கைக்குத் திரும்பினால், அது ஏறிய உயரம் சுமார் 1.2 மீட்டர்தான், அந்த 1 நொடியை ஒளியின் வேகத்தால் பெருக்கி நீளமாக்கினாலோ 3 லட்சம் கிலோமீட்டர். இவ்வளவு நீண்ட கோட்டில் 1.2 மீட்டர் வளைந்த வில்லின் ஆரம் ஏறத்தாழ ஓர் ஒளியாண்டு, அதாவது ஒளி ஓர் ஆண்டில் செல்லும் தூரம். கிடைமட்டமாகச் சுட்ட துப்பாக்கிக் குண்டின் பாதைக்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள், அதே ஆரம்தான் வரும். மெதுவாக நகரும் எந்தப் பொருளும் வெளியில் ஓர் அடி வைப்பதற்குள் காலத்தில் லட்சக்கணக்கான கிலோமீட்டர் கடந்துவிடுவதால், காலத்தின் இம்மியளவு கோணலும் அதன் பாதையில் தெரிந்துவிடுகிறது.

இதைக் காட்டப் பெரிய செலவு எதுவும் வேண்டாம். கெட்டியான சார்ட் தாளைக் கடலைப் பொட்டலம் போலக் கூம்பாகச் சுருட்டிக்கொள்ளுங்கள். கூம்பின் நீளவாக்கு உயரம். குறுகிய முனை வானம், அகன்ற வாய் தரை. சுற்றுவாக்கில் கடிகாரம் ஓடுகிறது. ஒரே நீளமுள்ள நாடா வாய்ப்பக்கம் குறைவாகவும் முனைப்பக்கம் அதிகமாகவும் சுற்றும். அதாவது தரையில் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது. இப்போது மெல்லிய செல்லோ டேப்பை, கூம்பின் நீளத்துக்குக் குறுக்கே நேராக வைத்து, எங்கும் சுருக்கமோ இழுப்போ இல்லாமல் ஒட்டிக்கொண்டே போங்கள். சற்று நேரத்தில் அது தானாகவே அகன்ற வாயை நோக்கி இறங்கத் தொடங்கும். யாரும் அதை இழுக்கவில்லை. நேராகப் போனது, விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் என் தங்கை மகளுக்கு இதைச் செய்து காட்டினேன். டேப் தீரும்வரை ஒட்டினாள்.

துணியைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லவரவில்லை. வெளியின் வளைவுக்கு உரிய இடம் ஒன்று உண்டு, அது ஒளி. 1911-இல் காலத்தின் பங்கை மட்டும் கணக்கில் கொண்டபோது, சூரியனை உரசிச் செல்லும் விண்மீன் ஒளியின் விலகலுக்கு ஐன்ஸ்டைனுக்குக் கிடைத்தது இப்போதைய மதிப்பில் ஏறத்தாழ பாதிதான். 1915-இல் வெளியின் வளைவும் சேர்ந்தபின் அது இரட்டித்து, சுமார் 1.75 விகலை ஆனது (ஒரு விகலை என்பது பாகையில் 3,600-இல் ஒரு பங்கு). 1919 மே 29 சூரிய கிரகணத்தின்போது பிரேசிலின் சோப்ராலிலும் ஆப்பிரிக்கக் கரையோரத்தின் பிரின்சிபே தீவிலும் எடுத்த படங்கள் அந்த இரட்டித்த கணக்கின் பக்கமே நின்றன.

எனவே வெளியின் வளைவைக் காட்டுவதாக இருந்தால், வியன்னாவைச் சேர்ந்த இயற்பியலாளர் லுட்விக் ஃபிளாம் 1916-இல் கணக்கிட்ட பரப்பை, அதாவது ஒரு நிறையைச் சுற்றியுள்ள வெளியின் வளைவைச் சரியாகக் காட்டும் குழி வடிவத்தை, கெட்டியான பொருளில் வார்த்து வையுங்கள். பக்கத்திலேயே அதே பரப்பைக் குன்று போலக் கவிழ்த்தும் வையுங்கள். குழியில் உருட்டிய கோலி நடுவை நோக்கி வரும், குன்றில் விட்டால் விலகி ஓடும். ஆனால் டேப்பை ஒட்டினால் இரண்டிலும் ஒரே பாதையில்தான் போகும். அந்தப் பரப்புக்கு மேல், கீழ் என்பதே கிடையாது.

இவற்றுக்கு முன்னால் கூம்பை வையுங்கள். கையருகே ஒரு கட்டு சார்ட் தாளும் சில டேப் உருளைகளும் இருக்கட்டும். துணியை எடுக்க மனம் வராவிட்டால், அதன் பலகையில் அந்த ஒன்றரை மில்லிமீட்டரையாவது பெரிய எழுத்தில் குறிப்பிடுங்கள். கூம்புக்கான வெட்டுப்படங்களை வெவ்வேறு அளவுகளில் வரைந்து வைத்திருக்கிறேன். எந்த மையம் கேட்டாலும் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓர் இயற்பியல் ஆசிரியர்