டாமி ஜானை அவர் உயிரோடு இருக்கும்போதே சேர்த்துக்கொள்ளுங்கள்

பேஸ்பால் சாதனையாளர்களுக்கான கௌரவ அரங்கமான கூப்பர்ஸ்டவுன் ஹால் ஆஃப் ஃபேமின் நிர்வாகிகளுக்கும், அடுத்த கமிட்டியில் உட்காரப்போகும் பதினாறு பேருக்கும்,

வணக்கம்.

பழைய ஆட்டக்காரர்களில் யாரை அரங்கத்தில் சேர்ப்பது என்று 2024 டிசம்பரில் உங்கள் கமிட்டி கூடி வாக்களித்தது. தேவை 12 வாக்கு. டேவ் பார்க்கருக்கு 14, டிக் ஆலனுக்கு 13, டாமி ஜானுக்கு 7. தேர்வான இருவருமே தகுதியானவர்கள், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் டிக் ஆலன் 2020-லேயே போய்விட்டார். டேவ் பார்க்கர் 2025 ஜூன் கடைசியில், விழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது கண்ணை மூடினார். இருவருக்காகவும் குடும்பத்தார்தான் மேடை ஏற வேண்டியிருந்தது. பிட்சராக, அதாவது பந்து எறிபவராக, ஆடிய டாமி ஜான் 1943-ல் பிறந்தவர். அவர் காலத்து ஆட்டக்காரர்களை நீங்கள் மறுபடி பரிசீலிக்கப்போவது 2027 டிசம்பரில். அப்போது அவருக்கு 84 வயது ஆகியிருக்கும். இவரையும் அதே மாதிரி கௌரவிக்கப் போகிறீர்களா என்ற பயத்தில்தான் எழுதுகிறேன்.

என் கோரிக்கை ஒன்றே ஒன்று: அவர் உயிரோடு இருக்கும்போதே அவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கு உங்களுக்குத் தெரியாதது இல்லை. 26 ஸீசன், பிட்சராக அவர் கணக்கில் சேர்ந்த 288 வெற்றி, 4,700-க்கு மேல் இன்னிங்ஸ். 287 வெற்றி பெற்ற பெர்ட் பிளைலவன் 2011-ல் உள்ளே வந்தார். 283 வெற்றி பெற்ற ஜிம் காட் 2022-ல் வந்தார். இருவரையும் வரவேற்றதில் மகிழ்ச்சி. 288 மட்டும் ஏன் வாசலில் நிற்கிறது என்று யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும். கமிட்டிக்கு முன்பே வாக்களிக்கும் பத்திரிகையாளர்கள் 15 வருடம் அவர் பெயரை வாக்குச் சீட்டில் பார்த்தார்கள். கடைசி வருடமான 2009-ல் கிடைத்தது 31.7 சதவீதம், தேவையோ 75. 300 வெற்றி இருந்தால் கதை வேறு என்பார்கள். 12 வெற்றி குறைகிறது, சரி. அந்த 12 எங்கே போனது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

1974 ஜூலை 17, டாட்ஜர் ஸ்டேடியம், எதிரணி மான்ட்ரியால். அந்த ஸீசனில் அதுவரை 13 வெற்றி, 3 தோல்வி என்று உச்சத்தில் இருந்தார். ஒரு பந்தை எறியும்போது இடது முழங்கையின் தசைநார் அறுந்தது. அதுவரை எந்தப் பிட்சரும் அந்தக் காயத்திலிருந்து திரும்பி வந்ததில்லை. டாக்டர் ஃபிராங்க் ஜோப் வலது மணிக்கட்டிலிருந்து ஒரு தசைநாரை எடுத்து இடது முழங்கையில் வைத்துத் தைக்கலாம் என்றார். மறுபடி எறிவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்புதான் என்பதையும் மறைக்காமல் சொன்னார். செப்டம்பர் 25-ல் அறுவை சிகிச்சை நடந்தது.

அதற்குப் பிறகு வந்ததைத்தான் வாக்களிப்பவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். முழங்கை நரம்பு பாதிக்கப்பட்டு இடது கை மரத்துப்போனது. விரல்கள் வளைந்து, பந்தைச் சுற்றி மூட முடியாத நிலை. டிசம்பரில் நரம்புக்காக இன்னொரு அறுவை சிகிச்சை. பந்து எறிந்து பிழைக்கிற ஒருவருக்குப் பந்தைப் பிடிக்கவே முடியவில்லை. விரல்களை டேப் போட்டுச் சேர்த்துக் கட்டிக்கொண்டு எறிந்து பார்த்தார். 1975 ஸீசன் முழுக்க ஆட்டம் இல்லை. சக பிட்சர் மைக் மார்ஷல் புதிதாக எறியக் கற்றுக்கொடுத்தார். முப்பது வயது தாண்டிய மனிதர் சிறுவனைப்போல முதலிலிருந்து கற்றுக்கொண்டார்.

அந்த நாட்களில் அவர் ஆலயத்தில் கேட்ட பிரசங்கம் ஆபிரகாமையும் சாராளையும் பற்றியது. வயது போன காலத்தில் பிள்ளை வாக்குப்பண்ணப்பட்ட தம்பதி. ‘தேவனாலே கூடாதகாரியம் ஒன்றுமில்லை’ என்ற வசனத்தை அன்றிலிருந்து பிடித்துக்கொண்டதாக அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். நானும் அதே விசுவாசத்தில் இருப்பவன் என்பதால் இதைக் கவனித்துச் சொல்கிறேன்: வசனத்தைச் சொல்லிவிட்டு அவர் வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. ஓடினார், எறிந்தார், கை கேட்காத நாளிலும் எறிந்தார். 1976-ல் திரும்பி வந்தார். அவருடைய மூன்று 20 வெற்றி ஸீசன்களும் (1977, 1979, 1980) இந்தத் தைத்த கையால் வந்தவை. காயத்துக்கு முன் 124 வெற்றி, பின் 164. 46 வயதுவரை ஆடினார்.

விசுவாசத்துக்காக அவரைச் சேர்க்கச் சொல்லவில்லை. ஆனால் ஒருவரின் ஆட்டத்தோடு நேர்மையையும் குணத்தையும் பங்களிப்பையும் பார்க்க வேண்டும் என்று எழுதி வைத்திருப்பது நீங்கள்தானே? அந்த விதியைச் சிலரை வெளியே நிறுத்தத்தான் இதுவரை பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். ஒருவரை உள்ளே அழைக்கவும் அதைப் பயன்படுத்தலாமே. பங்களிப்பு என்றால் இதைவிட என்ன வேண்டும்? ஜஸ்டின் வெர்லாண்டர், ஷோஹெய் ஒதானி, ஜேக்கப் டிகிராம் என்று எத்தனை பிட்சர்கள் ‘டாமி ஜான் சர்ஜரி’ என்று அவர் பெயரைத் தாங்கிய அந்தச் சிகிச்சையால் திரும்பி வந்திருக்கிறார்கள்! அதே சிகிச்சை செய்துகொண்ட ஜான் ஸ்மால்ட்ஸ் 2015-லேயே உங்கள் அரங்கத்துக்குள் வந்துவிட்டார். 2013-ல் டாக்டர் ஜோபையும் அழைத்துக் கௌரவித்தீர்கள், மிகவும் சரியான காரியம். டாமி ஜானும் அன்று வந்து அவருக்காக மகிழ்ந்தார். கத்தி பிடித்த கைக்கு மரியாதை செய்தவர்கள், கத்திக்குக் கொடுத்த கையை மறந்தது எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் இந்த அறுவை சிகிச்சைக்குப் போகிறார்கள். வருடம் முழுக்க எறிய வைக்கிறார்கள், பந்தின் வேகத்தை அளக்கும் ஸ்பீடு கன்னில் வருகிற எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். கை போனால் தைத்துக்கொள்ளலாம் என்று பேசும் பெற்றோரும் இருக்கிறார்கள். தன் பெயர் பிள்ளைகளின் முழங்கையில் எழுதப்படுவது வேதனையாக இருக்கிறது என்று டாமி ஜானே பகிரங்கமாக எச்சரித்திருக்கிறார். ஸ்மால்ட்ஸ் உங்கள் மேடையில் நின்றே பெற்றோரை எச்சரித்தார். லீக் நடத்துபவர்கள் யாரும் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. அந்தப் பெயருக்குரியவரே அதே மேடையில் நின்று சொன்னால் எத்தனை பெற்றோர் கேட்பார்கள்! அதற்கும் அவர் உயிரோடு இருக்க வேண்டும்.

கோபத்தில் கொஞ்சம் கடுமையாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். உங்கள் வேலை எளிதல்ல என்பது தெரியும். ஒவ்வொருவருக்கும் மூன்று வாக்குகள்தான், தகுதியானவர்கள் அதைவிட அதிகம். ஆனாலும் 2027-க்கான பட்டியல் தயாரிக்கும்போது டாமி ஜானின் பெயரை அதில் வையுங்கள். வாக்களிக்கும் பதினாறு பேரும் 288 என்ற எண்ணையும், அதற்கு நடுவில் விட்டுப்போன அந்த ஒன்றரை ஸீசனையும் சேர்த்துப் பாருங்கள். போன முறை கிடைத்த ஏழோடு இன்னும் ஐந்து வாக்குகள் போதும். தயவுசெய்து அவர் வந்து வாங்கிக்கொள்ளும்படி கொடுங்கள்.

மரியாதையுடன்,
ஒரு பேஸ்பால் ரசிகன்