அடிபட்ட முழங்காலுக்குக் கொடைக்கானலில் ஒரே ஒரு சாலைதான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் என் கடைக்குப் பேன்ட் தைக்க அளவு கொடுக்க ஒரு தம்பி வந்தார். லேசாக நொண்டினார். என்னப்பா என்று கேட்டேன். பூம்பாறை ரோட்டில் சைக்கிளில் விழுந்து நாலு மாதம் ஆகிறதாம், முழங்கால் வலி விடவில்லையாம், வீட்டில் எல்லோரும் சொல்வதால் கியர் சைக்கிளை விற்றுவிடப் போகிறாராம். விற்காதே தம்பி என்றேன். அவரிடம் சொன்னதை இந்த மலையில் அடிபட்டு உட்கார்ந்திருக்கும் மற்றவர்களிடமும் சொல்லத்தான் இந்தக் கடிதம். கூடவே ஏரிச் சாலை பற்றி ஒரு கோரிக்கையும் உண்டு.

எனக்கு 51 வயது, மூஞ்சிக்கல்லில் தையற்கடை வைத்திருக்கிறேன், இருபது வருடமாக விடியற்காலையில் சைக்கிள் மிதிக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் அக்டோபர் மழையில், சாலையின் குறுக்கே போகும் வடிகால் மேல் போட்டிருந்த இரும்புக் கம்பிச் சட்டத்துக்குள் முன்சக்கரம் இறங்கிவிட்டது. கம்பிகளை வண்டி போகும் திசையிலேயே நீளவாக்கில் வைத்திருந்தார்கள். கார் டயர் அதன் மேல் ஏறிப் போய்விடும், சைக்கிள் டயர் அப்படியே உள்ளே போய்விடும். இடது பக்கக் காறை எலும்பு (கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இருப்பது) உடைந்தது, வலது முழங்கால் கல்லில் மோதியது.

ஆறு வாரம் கையைக் கழுத்திலிருந்து தொட்டில் போலக் கட்டி வைத்திருந்தார்கள். எலும்பு கூடிவிட்டது. அப்புறம் ஒருநாள் கடை டேப்பை எடுத்து இரண்டு தொடையையும் அளந்து பார்த்தால், வலது தொடை ஒரு அங்குலம் இளைத்திருந்தது. எலும்பு கூடுகிற நேரத்துக்குள் வேலை இல்லாத தசை கரைந்துவிடும் என்று அதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அப்படியும் பொறுமை இல்லாமல், கட்டு அவிழ்த்த பத்தாம் நாளே அப்சர்வேட்டரி ரோட்டில் ஏறினேன். நம் ஊர் 2,133 மீட்டர் உயரம், கடல்மட்டத்தை விட இங்கே காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு, அதனால் முதலில் மூச்சுத்தான் வாங்கியது, மூச்சைச் சமாளித்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து மேலே போனேன். மறுநாள் முழங்காலை மடக்க முடியவில்லை. இரண்டு மாதம் வீணானது. மூச்சு சில வாரங்களில் திரும்பிவிடும், தசைநாருக்கு மாதக்கணக்கில் வேண்டும். அடிபட்டுத் திரும்புகிறவர்களில் நிறையப் பேர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

வயசாச்சு, சைக்கிளை மறந்துடுங்க, நடந்தால் போதும் என்றார் ஒரு மருத்துவர். அதைக் கேட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு திண்டுக்கல்லில் ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மா, சைக்கிளையும் கொண்டு வாங்க என்றார்கள். வேனில் ஏற்றிக்கொண்டு போனேன். சீட் தாழ்வாக இருக்கிறது என்று பார்த்தவுடனே சொல்லிவிட்டார்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும், அப்படி வைத்துவிட்டு முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் கொஞ்சம்தான் மடங்கும். சீட் தாழ்ந்தால் மிதிக்கும்போதெல்லாம் கால் அதிகமாக மடங்கி, முழங்கால் சில்லு தொடை எலும்பின் மேல் அழுந்தும். இத்தனை வருடம் இது தெரியாமலே ஓட்டியிருக்கிறேன்.

கனமான கியரில் எழுந்து நின்று அழுத்துவதையும் நிறுத்தச் சொன்னார்கள். பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்தில் 28 பல் இருந்த இடத்தில் 34 பல் போட்டேன் (பின்னால் பல் கூடினால் ஏற்றத்தில் மிதிப்பது லேசாகும்), அதற்காகச் செயினையும், கியர் மாற்ற அதைத் தள்ளுகிற கை போன்ற பாகத்தையும் மாற்ற வேண்டி வந்தது, செலவுதான், ஆனால் முழங்காலுக்கு அதைவிடப் பெரிய மருந்து இல்லை. லேசான கியரில் நிமிடத்துக்கு எண்பது சுற்று மிதிக்கப் பழகினேன். படுத்துக்கொண்டு காலை நேராகத் தூக்கிப் பத்து எண்ணுகிற பயிற்சியை, மதியம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில், துணி வெட்டுகிற மேசையிலேயே செய்தேன். மறுநாள் காலை எழுந்ததும் வலி முந்தின நாள் அளவிலேயே இருந்தால் ஓட்டலாம், கூடியிருந்தால் அன்றைக்கு ஓய்வு. இந்தக் கணக்கை இன்றைக்கும் விடவில்லை.

மலையில் இருப்பவர்களுக்கு வேறொரு கஷ்டமும் இருக்கிறது. ஏற்றம் முழங்காலைப் பிடிக்கும், இறக்கம் தோளைப் பிடிக்கும். பிரேக் பிடித்துக்கொண்டே இறங்கும்போது உடம்பின் பாரம் கைக்கு வந்து காறை எலும்பில் போய் உட்காரும், ஒரு குழியில் குலுங்கினால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். கொடைக்கானலில் வீட்டை விட்டு எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்று ஏற்றம், இல்லையென்றால் இறக்கம். பெரும்பாலும் சமமாக இருப்பது ஏரியைச் சுற்றிய சாலை ஒன்றுதான். 1863-இல் லெவிஞ்ச் துரை கட்டிய ஏரி, ஒரு சுற்று ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். முதல் இரண்டு வாரம் ஒரு சுற்று, அப்புறம் ஒன்றரை, மூன்றாம் மாதம் நான்கு. எட்டாம் மாதம் செண்பகனூர் வரை இறங்கித் திரும்ப ஏறினேன். பதினாலாம் மாதம் பூம்பாறை. இப்போது இரண்டு தொடையும் ஒரே அளவு.

இவ்வளவையும் கொடுத்த அந்தச் சாலையில், சீசன் வந்துவிட்டால் ஆறு மணிக்கே கார்களும் வேன்களும் வந்துவிடுகின்றன. ஹாரன் சத்தத்தில் ஒதுங்கும்போது ஒரு சடன் பிரேக் போட்டால் போதும், ஆறி வரும் தோள் மறுபடி பிடித்துக்கொள்ளும். இதய ஆபரேஷன் முடிந்து நடப்பவர்களும், வாக்கரோடு வரும் பாட்டிமார்களும் அதே சாலையில்தான் வருகிறார்கள். வாகனம் அதிகம் என்பதற்காக உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இங்கே இ-பாஸ் நடைமுறையில் இருக்கிறது. அதோடு இன்னொன்றும் செய்யலாம்: தினமும் காலை ஐந்தரையிலிருந்து ஏழரை வரை, ஆம்புலன்ஸ், பால் வண்டி, அந்தச் சாலையிலேயே குடியிருப்பவர்கள் தவிர மற்ற மோட்டார் வாகனங்களை ஏரிச் சாலையில் விட வேண்டாம். அந்த நேரத்தில் சுற்றுலா வந்தவர்களும் வாடகைச் சைக்கிளில் நிம்மதியாகச் சுற்றட்டும்.

வடிகால் சட்டங்களின் கம்பிகளைச் சாலைக்குக் குறுக்காக வைத்து வெல்டிங் செய்யவும் ஏற்பாடு செய்ய வேண்டும். ஒரு சட்டத்துக்கு அதிகம் போனால் அரை நாள் வேலை.

தம்பியின் பேன்ட் வெள்ளிக்கிழமை தயாராகிவிடும். வாங்க வரும்போது சைக்கிளையும் உருட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன், சீட் உயரத்தை நானே பார்த்துத் தருகிறேன். இரண்டு தொடையையும் தனித்தனியாக அளந்து நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தையற்கடைக்காரர்,
மூஞ்சிக்கல், கொடைக்கானல்.