கொட்டேஷனின் கடைசி வரி: கணினிக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை ரிச்சி தெருவிலும் மற்ற ஊர்களிலும் கேமிங் கணினி அசெம்பிள் செய்து தரும் கடைக்காரர்களுக்கு,

வணக்கம். போன வருடம் என் தம்பிக்குக் கணினி வாங்க விழுப்புரத்தில் ரயிலேறி எழும்பூரில் இறங்கி உங்கள் தெருவுக்கு வந்தேன். இரண்டு வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் அது. கடையில் கொடுத்த கொட்டேஷனைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். பிராசசருக்கு மாடல் எண், ரேமுக்கு வேகம், எஸ்எஸ்டிக்குக் கொள்ளளவு, கேபினெட்டில் எத்தனை கலர் விசிறி என்பதுவரை எழுதியிருக்கிறது. கடைசி வரி மட்டும் இப்படி: "27 இன்ச் எல்இடி மானிட்டர் – 1". பெரிதாக இருக்கிறதே என்று நானும் சந்தோஷமாகத்தான் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அது 1080பி (குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளி), 75 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்பது பல வாரம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. உள்ளே இருப்பது, படத்தை வரைந்து தரும் ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு. தம்பி விளையாடும் வாலரண்ட் கேம் நொடிக்கு 200 ஃபிரேமுக்கு (படத்துக்கு) மேல் ஓடுகிறது. ஆனால் திரை நொடிக்கு 75 தடவைதான் படத்தை மாற்றும். அந்த 200-க்கும் சேர்த்துத்தானே நாங்கள் பணம் கொடுத்தோம்? போதாக்குறைக்கு, 27 அங்குலத்தில் 1080பி என்றால் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 82 புள்ளிதான். எழுத்தெல்லாம் ஓரம் பிசிறிப் போய்த் தெரிகிறது. அதே 1080பி 24 அங்குலத்தில் 92 புள்ளி. 27 அங்குலத்தையே, இன்னும் புள்ளி அதிகமுள்ள 1440பி-யில் எடுத்தால் 109.

யாரும் ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்ல வரவில்லை. பொருளில் ஒரு பழுதும் இல்லை. கார்டையும் மானிட்டரையும் யாரும் ஒன்றாக வைத்துப் பார்க்கவில்லை, அதுதான் குறை. இது எதிர்ப்பக்கமும் நடக்கிறது. 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளி, 4கே-யில் அதைப் போல நான்கு மடங்கு. சின்ன கார்டு வாங்குபவருக்கு 4கே மானிட்டரைக் கட்டிவிட்டால் அந்தக் கார்டு மூச்சுத் திணறும்.

"கஸ்டமர் சொல்ற பட்ஜெட்டுக்குள்ள முடிக்கணுமே" என்பீர்கள். உண்மைதான். ஆனால் விசிறி விளக்கிலும் கண்ணாடிக் கேபினெட்டிலும் கொஞ்சம் குறைத்து மானிட்டருக்குத் தள்ளலாம் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேன். கார்டை நாலைந்து வருடத்தில் மாற்றிவிடுவார்கள், மானிட்டர் அதற்கப்புறமும் மேசையில் இருக்கும். பிள்ளைகள் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பதும் அதைத்தான்.

இதைவிட என்னை வருத்தியது தம்பியின் நண்பன் வீட்டில் பார்த்தது. அவன் சரியாகக் கேட்டு 165 ஹெர்ட்ஸ் மானிட்டரே வாங்கியிருக்கிறான். ஆனால் மாதக்கணக்கில் அது 60-லேயே ஓடியிருக்கிறது. விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேக்குள் போய் 165 என்று மாற்ற வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. கேபிளையும் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருந்தான். இரண்டையும் சரிசெய்ய ஐந்து நிமிடம் ஆகவில்லை. மவுஸை அசைத்துப் பார்த்துவிட்டு அவன் முகம் மலர்ந்ததை மறக்க முடியவில்லை. அந்த ஐந்து நிமிடம் உங்கள் கடையிலேயே கிடைத்திருக்க வேண்டாமா?

அதனால் கேட்கிறேன். கொட்டேஷனில் கார்டுக்கு அடுத்த வரியிலேயே மானிட்டரை எழுதுங்கள். மாடல் எண், ரெசல்யூஷன், ஹெர்ட்ஸ், பேனல் (திரையின் வகை) ஐபிஎஸ்ஸா விஏ-யா, டிஸ்ப்ளேபோர்ட் (கார்டிலிருந்து படம் வரும் கேபிளைச் செருகும் இடம்) உண்டா என்று எழுதுங்கள். விஏ பேனலில் கறுப்பு நன்றாக இருக்கும், ஆனால் பலவற்றில் இருட்டுக் காட்சி வேகமாக நகரும்போது நிழல் இழுக்கும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பெட்டியில் '1 எம்எஸ்' (மில்லிசெகண்ட்) என்று போட்டிருந்தால் அது எந்த அளவு என்றும் சொல்லுங்கள். ஜிடிஜி (புள்ளி நிறம் மாற ஆகும் நேரம்) வேறு, எம்பிஆர்டி (நகரும் படம் கண்ணுக்கு எவ்வளவு மங்கும் என்ற அளவு) வேறு. 'எச்டிஆர்10' (வெளிச்சமும் இருட்டும் கூடுதலாகக் காட்டும் பட வகை) என்று போட்டிருந்தால் அந்தச் சிக்னலை ஏற்கும் என்பது மட்டும்தான் உறுதி, திரையில் அந்த வெளிச்சம் வரும் என்று பொருளில்லை. வாங்க வருபவர் நம்பியிருப்பது உங்கள் வார்த்தையைத்தான்.

அடுத்த மாதம் மறுபடி வருகிறேன். இந்த முறை 24 அங்குலம், 1080பி, ஐபிஎஸ், குறைந்தது 144 ஹெர்ட்ஸ் என்று கேட்பேன். தம்பியும் கணினியோடு கூட வருவான். பெட்டியைப் பிரித்து, டிஸ்ப்ளேபோர்ட் கேபிளைக் கார்டில் செருகி, ஹெர்ட்ஸை ஏற்றி, எங்கள் கண் முன்னால் ஓட்டிக் காட்டிவிட்டு பில் போடுங்கள்.

இப்படிக்கு,
விழுப்புரத்திலிருந்து ஓர் அக்கா