செட்டைக் கழற்ற ஒரு கால்ஷீட்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் விளம்பரப் படத் தயாரிப்பால் சுற்றுச்சூழலுக்கு வரும் கேடு பற்றி ஆறு பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். யாரும் தொடாத விஷயம். முதல் நான்கு பக்கம் படித்தபோது உங்களுக்கு நன்றி சொல்லி எழுத வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஐந்தாம் பக்கத்தில் ஒரு வரி வந்தது. "படப்பிடிப்புத் தளங்களில் உள்ள கடைநிலை ஊழியர்களிடம் விழிப்புணர்வு இல்லாததே கழிவு குவிய முக்கியக் காரணம்." கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். மீதியை மறுநாள்தான் படித்தேன்.

அந்தக் கடைநிலை ஊழியன் நான்தான். 1991-லிருந்து 2022 வரை 31 வருஷம் செட் தச்சனாக இருந்தேன். சினிமா கொஞ்சம், விளம்பரப் படம் நிறைய. சோப்பு, மசாலா, நகைக்கடை, பெயிண்ட் என்று எல்லாவற்றுக்கும் வீடு கட்டியிருக்கிறேன். எதுவும் இரண்டு நாளுக்கு மேல் நின்றதில்லை.

கட்டுரையில் ஒரு படம் போட்டிருந்தீர்கள். ராத்திரியில் ஒரு பையன் உடைந்த பிளைவுட்டை லாரியில் ஏற்றுகிறான். அதை ஏன் உடைத்தார்கள் என்று அவனிடமே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், சொல்லியிருப்பான். செட் போடும் ஸ்டுடியோ கூடத்தை ஃப்ளோர் என்போம், அதற்கு நாள் வாடகை. ராத்திரி படப்பிடிப்பு முடிந்து பேக்கப் ஆனால் விடிவதற்குள் ஃப்ளோரைக் காலி செய்து கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இன்னொரு நாள் வாடகை ஏறும். செட் போட மூன்று நாள் கொடுப்பார்கள். பிரிக்க என்று எஸ்டிமேட்டில் ஒரு வரிகூட இருக்காது. நான் பார்த்த 31 வருஷத்தில் பிரிப்பதற்காகத் தனிக் கால்ஷீட், அதாவது தனியாக ஒரு ஷிஃப்ட், போட்டவர்கள் மூன்று பேரோ நான்கு பேரோதான்.

செட் சுவரின் ஒரு துண்டை ஃபிளாட் என்போம். ரீப்பர் என்கிற மெல்லிய மரச்சட்டத்தில் பிளைவுட் அடித்தது, அவ்வளவுதான். ஸ்க்ரூ போட்டுச் செய்தால் பதமாகக் கழற்றி எட்டுப் பத்துப் படம் ஓட்டலாம். ஸ்க்ரூவுக்கு நேரம் பிடிக்கும், ஆணி சீக்கிரம். ஆணி அடித்து, இணைப்பில் துணி ஒட்டி, பட்டி பார்த்து, பெயிண்டும் அடித்த சுவரை மூன்று மணி நேரத்தில் பிரிக்கச் சொன்னால் கடப்பாரைதான் வழி. ஓரத்தில் நெம்பினதும் பிளைவுட் ஏடு ஏடாகக் கிளம்பிவிடும். அப்புறம் அது விறகுக்குத்தான் போகும். பெயிண்ட் பட்ட பலகை என்பதால் அதைக்கூட டீக்கடைக்காரர் வேண்டாம் என்பார். தெர்மகோல் தூண், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வளைவு இதெல்லாம் எதற்கும் ஆகாது. லாரி கிடைக்காத ராத்திரிகளில் காம்பவுண்டுக்குப் பின்னால் தெர்மகோலைக் கொளுத்தியிருக்கிறோம், மறைக்கவில்லை. அந்தக் கரும்புகையில் நின்று இருமியவர்களும் நாங்கள்தான்.

விழிப்புணர்வு இல்லை என்கிறீர்கள். 2011-ல் நானும் இரண்டு தச்சர்களும் முகலிவாக்கத்தில் ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்தோம். எங்கள் கைக்காசு. உடைபடாமல் தப்பிய ஃபிளாட், கதவு, ஜன்னல் சட்டம் எல்லாவற்றையும் அங்கே சேர்த்தோம். ஒவ்வொன்றின் முதுகிலும் அளவைச் சாக்பீஸில் எழுதி வைப்பேன். நாற்பது ஃபிளாட்டுக்கு மேல் சேர்ந்தது. ஒரு மசாலா விளம்பரத்துக்குச் சமையலறை முழுவதையும் அதில் போட்டுக் கொடுத்தேன். படம் டிவியில் வந்தது, பழைய பலகை என்று யாருக்கும் தெரியவில்லை. அடுத்த கம்பெனிக்காரர் மட்டும் எங்கிருந்தோ கேள்விப்பட்டு, "நம்ம படத்துக்குப் பழைய மரம் வேண்டாம், ஃப்ரெஷ்ஷாப் போடுங்க" என்று சொல்லி அனுப்பினார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றுத் தண்ணீர் ஷெட்டுக்குள் இடுப்பளவு நின்றது. வடிந்த பிறகு போய்ப் பார்த்தால் பிளைவுட் எல்லாம் நனைந்த ரொட்டி மாதிரி உப்பியிருந்தது, சாக்பீஸ் எழுத்து ஒன்றுகூட இல்லை. திரும்பச் சேர்க்க எங்களிடம் பணம் இல்லை. அன்றைக்கு யாராவது வந்து கேட்டிருந்தால் விழிப்புணர்வு என்றால் என்ன என்று காட்டியிருப்பேன்.

தண்ணீர் பாட்டில் பற்றியும் எழுதியிருந்தீர்கள். லைட்மேன்களும் நாங்களும் 20 லிட்டர் கேனில்தான் குடித்தோம். அரசு 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக்கைத் தடை செய்தபோது பையன்கள் வீட்டிலிருந்து எவர்சில்வர் டம்ளர் கொண்டுவந்தார்கள். அந்தப் பட்டியலில் தண்ணீர் பாட்டில் இல்லை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மூடியைத் திறந்து இரண்டு மடக்குக் குடித்து அப்படியே வைத்த குட்டிக் குட்டி பாட்டில்கள் எங்கே கிடக்கும் தெரியுமா? டைரக்டரும் கிளையண்ட்டும் உட்கார்ந்து ஷாட் பார்க்கும் மானிட்டர் டென்ட்டுக்குள். அங்கே நாங்கள் உட்காருவதில்லை.

ஒரு பிரியாணி விளம்பரம் சொல்ல வேண்டும். கேமராவில் வருவது ஒரே ஒரு தட்டு. அதற்கு மூன்று அண்டா சமைத்தார்கள். பளபளப்புக்காகத் தட்டின் மேல் கிளிசரினும் எண்ணெயும் அடிப்பார்கள், சாப்பிட முடியாது. அதுகூடத் தொழில், சரி. அடிக்காத இரண்டு அண்டா ஓரமாக அப்படியே இருந்தது. "அண்ணே, எடுத்துக்கலாமா?" என்று செட் அசிஸ்டென்ட் பையன் என்னிடம் கேட்டான், நான் போய் மேனேஜரிடம் கேட்டேன். கடைசி ஷாட் முடியும்வரை யாரும் தொடக் கூடாது என்றார். முடியும்போது ராத்திரி ஒன்றரை. திறந்தால் புளித்த வாடை. இரண்டு பேர் தூக்கிக்கொண்டுபோய்க் கொட்டினோம்.

பெரிய கணக்கு இதெல்லாம்கூட இல்லை. மும்பையிலிருந்து விளம்பர ஏஜென்சியும் கிளையண்ட்டுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் விமானத்தில் வருவார்கள், இரண்டு நாள் மானிட்டர் பார்த்துவிட்டுப் போவார்கள். கொரோனா காலத்தில் அவர்கள் யாரும் வரவில்லை. மும்பையில் வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் பார்த்து ஓகே சொன்னார்கள். படம் நன்றாகத்தான் வந்தது. 2022-லேயே பழையபடி எல்லோரும் பறக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஃப்ளோரில் கரண்ட் லைன் இருந்தும் வெளியே ஜெனரேட்டர் வண்டி ஓடிக்கொண்டிருக்கும், சாப்பாட்டு பிரேக்கிலும் அணைக்க மாட்டார்கள். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் இரண்டரைக் கிலோவுக்கு மேல் கரியமில வாயு. ஆஃப் பண்ணு என்று சொல்லும் அதிகாரம் லைட்மேனுக்கு இருக்கிறதா என்று நீங்களே சொல்லுங்கள்.

விளம்பரப் படத் தயாரிப்பால் வரும் சுற்றுச்சூழல் கேட்டைக் குறைக்கப் பிரிட்டனில் 2020-ல் தொடங்கிய ஆட்கிரீன் என்ற அமைப்பு பற்றிக் கட்டுரையிலேயே சொல்லியிருக்கிறீர்கள். விளம்பரம் கொடுக்கும் கம்பெனி தயாரிப்புச் செலவில் 0.25 சதவீதத்தை விரும்பித் தருகிறது, அதில் அந்த அமைப்பு நடக்கிறது, 2021 முதல் கார்பன் கணக்குப் போடும் கருவியும் தந்திருக்கிறார்கள் என்று விவரமாகவே இருந்தது. எத்தனை பேர் பறந்தார்கள், எவ்வளவு எரிபொருள் எரிந்தது, செட்டுக்கு என்ன பொருள் வாங்கினார்கள், கடைசியில் அது எங்கே போனது என்பதுதான் அந்தக் கணக்கு. இதில் எது தச்சன் முடிவு செய்வது? எல்லாம் பிபிஎம் என்கிற, படப்பிடிப்புக்கு முன்னால் நடக்கும் கூட்டத்தின் மேஜையில் முடிவாகிவிடுகிறது. அந்த மேஜைக்கு எங்களை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. இதைப் பக்கம் மூன்றில் எழுதிவிட்டு, பக்கம் ஐந்தில் பழியை எங்கள் மேல் போட உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

கடைசியாக ஒன்று. எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். 2017-ல் உங்கள் பத்திரிகையின் சந்தா விளம்பரப் படத்துக்கு நான் வேலை செய்திருக்கிறேன். தரையிலிருந்து கூரைவரை ஒரு புத்தக அலமாரி, பதினாறு அடி அகலம். அதற்காகவே புது பிளைவுட் வாங்கினார்கள். தேக்கு மாதிரி ரேகை வரப் பெயிண்டர் ராத்திரி முழுக்க உட்கார்ந்து கோடு இழுத்தார். மனசு கேட்காமல், கழற்றி ஏதாவது பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கலாமே என்று கேட்டேன். நேரமில்லை என்றார்கள். விடிகாலை நான்கு மணிக்கு நான்தான் கடப்பாரை போட்டேன். அந்தப் படப்பிடிப்புக்கு உங்கள் ஆபீஸிலிருந்து வந்தவர் அந்த அலமாரி முன்னால் நின்று போட்டோகூட எடுத்துக்கொண்டார்.

நான் கேட்பது இரண்டுதான். அந்த ஒரு வரியை அடுத்த இதழில் திருத்தி வெளியிடுங்கள். உங்கள் அடுத்த விளம்பரப் படத்தின் எஸ்டிமேட் கையெழுத்துக்கு வரும்போது, செட்டைக் கழற்ற நான்கு தச்சர்களுக்கு ஒரு கால்ஷீட்டும் ஃப்ளோருக்கு அரை நாள் வாடகையும் அதில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள்.

என் மருமகன் இன்னும் இதே தொழிலில் இருக்கிறார். அதனால் என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
சாலிகிராமம், சென்னை.